கொட்டாப்புளி, மண்மூட்டை, உள்ளங்கை

வணக்கம் நேயர்களே.

பழைய கார்களைப் பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் நிலையத்தார் என்னைக் கூப்பிட்டவை. யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்று தொடங்கினால் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் ஒஸ்ரின் ஏ 40 கார் மண்ணெண்ணெயில் ஓடின கதையிலேயே நேரம் போய்விடும். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒழுங்கை முழுக்கப் புகை அடித்த கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அது எஞ்சின் மெக்கானிக்மாரின் பெருமை. அவர்களுக்குப் பாராட்டுக் கிடைத்துவிட்டது. அந்த எஞ்சினைச் சுற்றி இருந்த தகரம் உக்கிக் கொட்டாமல் பார்த்த ரிங்கர்மாரை, அதாவது கார்த் தகரம் அடிக்கிறவர்களை, ஆரும் பெரிதாகப் பேசுவதில்லை. இன்றைக்கு நான் அவர்கள் பக்கம்.

என்னுடைய வளவில் ஒரு கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஏ 40 டெவன் ஒன்றின் சசி, அதாவது அடிச்சட்டம், நிற்கிறது. 1947 முதல் 1952 வரை வந்த மொடல். அதன் பொடி, அதாவது மேல் தகரக்கூடு, உக்கி, அள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சசிக்கு ஒன்றும் இல்லை. அதன் மேல் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த பொடி ஒன்றை நானே தகரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இதை ஹொட் ரொட் என்பார்கள். என் மனிசி வேறு பெயர் வைத்திருக்கிறா, அது வானொலிக்குச் சரிவராது. "உதுக்குக் கூரையும் இல்லை, பின் சீற்றும் இல்லை. மாரிக்கு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்கிறா. இன்னும் பதில் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஹொட் ரொட் அமெரிக்காவில், தென் கலிபோர்னியாவில் பிறந்தது. அங்கே மழை இல்லாத காலத்தில் சில ஏரிகள் காய்ந்து பாளமாய்க் கிடக்கும். கையில் காசில்லாத பெடியள் பழைய போர்ட் கார்களை மலிவாக வாங்கி, மட்காட்டைக் கழற்றி, கூரையைக் குறைத்து, பாரத்தை இறக்கி, அந்த ஏரிப் பாளத்தில் ஓடிப் பார்த்தார்கள். 1937இல் அதற்கென்று சங்கமே அமைத்துவிட்டார்கள். 1932ஆம் ஆண்டுப் போர்ட்தான் அவர்களுக்குப் பொக்கிசம். அதில் வி 8 எஞ்சின், 65 குதிரை வலு. இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று. 1960களில் அமெரிக்காவில் கால் மைல் ஓட்டப் போட்டிகளுக்கு அவர்கள் தேடிப் பிடித்த சின்னக் கார்களில் எங்களுடைய இதே ஒஸ்ரின் ஏ 40உம் ஒன்று. பாரம் குறைவு என்று பெரிய வி 8ஐ அதற்குள் செருகினார்கள். பருத்தித்துறை வீதியில் ஆள் ஏற்றித் திரிந்த கார் அங்கே பந்தயக் கார்! என்னுடையதில் அந்தக் கூத்து இல்லை, பயப்படாதேங்கோ. அதே 1200 சி.சி. எஞ்சின்தான்.

ஏன் ஏ 40? டெவனில் சசி வேறு, பொடி வேறு. போல்ற்றைக் கழற்றினால் பொடியை அப்படியே தூக்கலாம். மொறிஸ் மைனர் காரில் அந்த விளையாட்டு விளையாட ஏலாது. அதில் முழுச் சசி என்று ஒன்று இல்லை, அடித்தகரமும் பக்கத்தகரமும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அதை யோசிக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்யும், கதவு பூட்டாது.

மைனர் என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. தயாரிப்பாளர் தம்பி மணிக்கூட்டைப் பார்க்கிறார், பார்க்கட்டும். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் கார் வெளிவந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னம், எல்லாம் முடிந்து மாதிரிக் கார் தயாராக நிற்கும்போது, அந்த மனுசனுக்கு அது ஒடுங்கலாகத் தெரிந்திருக்கிறது. உயரத்துக்கு அகலம் காணாது. என்ன செய்தார் தெரியுமோ? காரை முன்னிருந்து பின்வரை நீட்டுப்பாட்டில் இரண்டாகப் பிளக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலத்தி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலத்தின இடத்தில் "காணும், இதுதான்" என்று நிறுத்தினார். அந்த நாலு அங்குலத்துக்கும் தகரம் போட்டுத்தான் மைனர் பிறந்தது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். அடுத்த முறை ஒரு மைனர் எதிர்ப்பட்டால் பொனற்றின் நடுவைப் பாருங்கள். முன்னிருந்து பின்னாக ஒரு தட்டைப் பட்டை ஓடும். அந்த அகலிப்பு வெளியில் தெரியும் இடம் அதுதான். பம்பரை ஏற்கெனவே செய்து வைத்துவிட்டபடியால் ஆரம்பகாலக் கார்களுக்கு அதையும் நடுவில் வெட்டி, இடையில் துண்டு வைத்து ஒட்டினார்கள். ஒரு மில்லியனுக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் அது. அதுவே வெட்டி ஒட்டின கார்தான். எங்கள் கராஜில் ஒருவர் வெட்டி ஒட்டினால் மட்டும் "பச் வேலை" என்று முகம் சுழிக்கிறோம்.

சரி, தகரத்துக்கு வருவோம். வானொலியில் படம் காட்ட ஏலாது. ஆனபடியால் உங்கள் வீட்டுக் குடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடிந்த பத்திரிகைத் தாளை அந்தக் குடத்தின் வயிற்றில் போர்த்துப் பாருங்கள். நடுவில் தாள் வடிவாக ஒட்டும், ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக விழும். பிறகு அதே தாளைக் கழுத்து வளைவில் அமத்துங்கள். அங்கே தாள் எட்டாது, இழுத்தால் ஓரம் கிழியும். தகர வேலை முழுக்க இந்த இரண்டுக்குள்தான். சுருக்கம் விழுகிற இடத்தில் தகரம் கூடிவிட்டது, அதைச் சுருக்க வேண்டும். கிழிகிற இடத்தில் தகரம் காணாது, அதை நீட்ட வேண்டும்.

இந்தத் தாளையே மட்காட்டின் மேல் போர்த்து, சுருக்கத்தையும் கிழிசலையும் பென்சிலால் குறித்துவிட்டால் பற்றன், அதாவது வெட்டு மாதிரி, தயார். பொனற்றின் பக்கத் துண்டு போல ஒரு பக்கமாக மட்டும் வளைகிற தகரம் என்றால் தாளில் சுருக்கமும் வராது, கிழியவும் மாட்டாது. அதை ஒரு குழாயில் வைத்து வளைத்தாலே போதும். முழங்கால் சிரட்டை மாதிரி எல்லாப் பக்கமும் வளைகிற இடத்தில்தான் கைவேலை.

நீட்டுவது லேசு. தோல் பையொன்றில் மண்ணை இறுக்கி நிரப்பி, அதன் மேல் தகரத்தை வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடித்தால் தகரம் குழியும், மெல்லிசாகும், நீளும். என்னுடைய பைக்குள் இருப்பது மணற்காட்டு மண், அரித்துக் காயவைத்தது. கொட்டாப்புளி புளியங்கட்டையில் கடைந்தது. இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டைக்குப் புளியை ஏன் வைக்கிறார்களோ, அதே காரணம், பிளக்காது. சுருக்குவதுதான் கஷ்டம். ஓரத்தில் சின்னச் சின்னக் கொசுவம் வைத்து, கொசுவம் விரிந்து ஓடாமல் அதற்குள்ளேயே அடித்து அமத்த வேண்டும். கூடின தகரம் தடிப்பாகி உள்ளுக்குப் போகும். திரும்பவும் சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக: சுருக்கம் விழுந்தால் சுருக்க வேண்டும், கிழிந்தால் நீட்ட வேண்டும்.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு ரிங்கர் அண்ணை. பெயரைச் சொன்னால் அவருக்கு வெட்கம். அவருடைய பட்டறையில் பட்டடைக் கல்லாக இருந்தது ஒரு தண்டவாளத் துண்டு. 1990இல் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போனது உங்களில் வயது போனவர்களுக்குத் தெரியும். மிச்சம் கிடந்த துண்டுகளில் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. 2014இல் ரயில் திரும்பி வந்தபோது நாங்கள் பகிடியாக, "அண்ணை, துண்டைக் கேட்டு வரப்போறாங்கள்" என்றோம். "வந்தால் மட்காட்டையும் சேர்த்துக் குடுப்பன்" என்றார். தண்டவாளத்தின் தலைப்பக்கம் மெல்லிய உருளல், அடிப்பக்கம் நேர்த் தட்டை. அந்த இரண்டு வடிவத்திலும் பாதிக் கார் அடித்துவிடலாம்.

தடைக் காலத்தில் புதுத் தகரத் தகடு வாங்க ஏலாது. எண்ணெய்ப் பீப்பாயை விரித்துத்தான் தகரம் எடுத்தார். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, பழைய கார்த் தகரத்துக்குப் பொருத்தம். ஆரும் இதைச் செய்து பார்க்க வெளிக்கிட்டால் ஒரு சொல்: வெறும் பீப்பா என்று நினைத்து நெருப்பு வைத்து வெட்டாதேங்கோ. உள்ளே ஆவி நிற்கும், வெடிக்கும். அவர் கழுவி, தண்ணீர் நிரப்பி, உளியால்தான் வெட்டுவார்.

அவரிடம் நான் கண்ட பெரிய வித்தை சுத்தியலில் இல்லை, இடக்கையில். அடித்து முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மெல்லிய துணியை இடையில் வைத்து, உள்ளங்கையால் மட்காட்டைத் தடவுவார். விரல் நுனியால் இல்லை, உள்ளங்கை முழுதும், முன்னும் பின்னும் நீளமாக. கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் கைக்குத் தெரியும். சோக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். கீழே டொலி என்கிற சின்ன இரும்புக் கட்டையைப் பிடித்து மேலே மெல்லத் தட்டுவார். டொலிக்கு நேரே அடித்தால் தகரம் நீளும். டொலியைப் பள்ளத்துக்குக் கீழே பிடித்துப் பக்கத்து மேட்டில் அடித்தால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும். சத்தமும் வேறு வேறு. நேரே பட்டால் கணீர் என்று கேட்கும், மற்றது மொத்தையான சத்தம். நான் கொட்டிலுக்கு வெளியில் நின்றே அவர் என்ன செய்கிறார் என்று சொல்லுவேன்.

இப்போது இந்தக் கை எங்கே போனது? கட்டலோய்ப் பசைக்குள் போனது. பள்ளத்தை அடித்து எடுக்கப் பஞ்சிப்பட்டு, பசையைக் குழைத்து அப்பி, அரம் பேப்பர் போட்டு, மேலே பெயின்ற். மயிரிழைக் கணக்கில் பூசினால் நான் குறை சொல்லமாட்டேன், நல்ல வேலைக்காரரும் கடைசியில் அதைத் தொடுவார்கள். நான் பார்த்த ஒரு கதவில் அது விரல் தடிப்பு. உரிமையாளர் 'முழுக்கத் தகரம் மாத்தினது' என்று காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். பிறிஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தை ஒரு பேப்பர் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். மேலே ஒட்டியது, கைபிடிக்குக் கீழே வழுக்கி விழுந்தது. எங்கள் வெயிலில் தகரமும் பசையும் ஒரே அளவுக்கு விரியாது. வெடிப்பு வரும், வெடிப்புக்குள் மாரித் தண்ணீர் போகும், உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்க முன்னம் காந்தத்தைக் கொண்டு போங்கள். கதவின் அடி, மட்காட்டின் பின் விளிம்பு, பின்சில்லுக்கு மேல், இந்த மூன்று இடமும். காந்தம், மறக்காதேங்கோ.

அட, தம்பி கையைக் காட்டுகிறார். வெல்டிங் பற்றியும் பெயின்ற் பற்றியும் எழுதி வைத்தது அப்படியே கிடக்கிறது. வெல்டிங்கை மட்டும் ஓடி ஓடிச் சொல்கிறேன். நீட்டுக்கு ஒரே இழுப்பாக ஒட்டாதேங்கோ. தட்டைத் தகரம் சூட்டில் நெளிந்து, பிறகு கை வைக்கிற நேரமெல்லாம் டொக் டொக் என்று உள்ளுக்கும் வெளிக்கும் துள்ளும். ஒரு அங்குலத்துக்கு ஒரு பொட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இடையில் ஆறவிட்டு. அலுமினியத்தில் அடிக்கிற ஆட்கள் இருந்தால், தகரம் இறுகினதும் சவர்க்காரக் கட்டியால் ஒரு கோடு கீறிச் சூடாக்குங்கள். கோடு கபிலம் கடந்து கறுக்கத் தொடங்கினதும் நெருப்பை எடுங்கள், அதற்கு மேல் போனால் அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உருகி விழும். துத்தநாகம் பூசின கூரைத் தகரத்தைக் காருக்கு ஒட்டாதேங்கோ, அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். கதவுக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் தண்ணீர் வடிய விட்டவை, பெயின்ற் அடிக்கிற ஆள் அவற்றை அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பெயின்ற் கதைக்கு இன்னொரு முறை கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.