புக்கு தொறந்திருக்கு, மண்டை தொறந்திருக்கா?

நடுவர் அம்மாவுக்கு வணக்கம், எங்க அணித்தலைவி அக்காவுக்கும் எதிரணியில கெத்தா உக்காந்திருக்கிற மூணு பேருக்கும் வணக்கம், பரீட்சைக்கு ரெண்டே வாரம் இருக்கும்போது படிக்காம பட்டிமன்றம் கேக்க வந்திருக்கிற மானிடவியல் டிபார்ட்மென்ட் சொந்தங்களுக்கு ஸ்பெஷல் வணக்கம்.

பண்பாட்டு மானிடவியல் ஓபன் புக் எக்ஸாம்ல கைகொடுக்கிறது கையில இருக்கிற புக்கா, முன்னாடியே பண்ற தயாரிப்பா? இதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின அண்ணன் புக்குதான்னு அடிச்சு சொன்னாரு, சொன்னதோட நிக்காம ஒரு கட்டு புக்க மேடைக்கே தூக்கிட்டு வந்தாரு, நம்ம மானிடவியல் முன்னோடி மாலினோவ்ஸ்கி இதுல அழகா சொல்லியிருக்காரு பாருங்கன்னு பக்கத்த பொரட்டுனாரு, பொரட்டுனாரு, பொரட்டிக்கிட்டே இருந்தாரு, நீங்க மணி அடிச்சிட்டீங்க. அம்மா, இதவிட நல்ல சாட்சிய நான் எங்க போய் தேடுவேன்!

சரி, சிரிக்காதீங்க, போன செமஸ்டர்ல நானும் அண்ணன் கட்சிதான். பாத்து எழுதலாம்னு சொன்ன அன்னிக்கு ஹாஸ்டல்ல கேக் வெட்டாத குறை. மூணு மணி நேரம், மூணு கட்டுரை. முதல் கேள்வியே 'பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காத கொடை என்று ஒன்று உண்டா, படித்த இனவரைவியல்களைக் கொண்டு வாதிடுக'. இனவரைவியல்னா ஒரு மக்களோட போய் தங்கி அவங்க வாழ்க்கைய பத்தி எழுதின புக்கு. நான் என்ன பண்ணேன், நேரா புக்கோட பின்பக்கம் போய் இன்டெக்ஸ்ல கொடைய தேடினேன், வரிசையா பக்க நம்பர், ஒவ்வொரு பக்கமா போய் நல்லா இருந்த வரியெல்லாம் பொறுக்கி எடுத்து நாலு பக்கம் ரொப்பிட்டு நிமிந்து பாத்தா ஒன்றரை மணி நேரம் போயிருச்சு, மூணாவது கேள்விக்கு தலைப்பு எழுதி அடிக்கோடு மட்டும் போட்டுட்டு வந்தேன். பேப்பர் திரும்பி வந்தப்ப ஓரத்துல சிவப்பு பேனால ஒரே வரி, 'இதெல்லாம் அவர் சொன்னது, நீ என்ன சொல்ற?'

அங்கதான் அம்மா எனக்கு உறைச்சுது. அந்த கேள்விக்கு பதில் எந்த புக்குலயும் இல்ல! மாலினோவ்ஸ்கி பப்புவா நியூ கினி பக்கம் இருக்கிற ட்ரோப்ரியாண்ட் தீவுல குலா பரிமாற்றத்த பாத்து 1922ல எழுதினாரு, சிவப்பு சிப்பி மாலை கடிகாரம் சுத்துற பக்கமா தீவு தீவா போகும், வெள்ளை சங்கு வளை எதிர்ப்பக்கமா வரும், யாரும் அத நிரந்தரமா வச்சுக்க மாட்டாங்க. மார்செல் மோஸ்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் 1925ல அத எடுத்து, வாங்கினவன் திருப்பிக் கொடுத்தே ஆகணும், சும்மா கொடுக்கிறதுன்னு எதுவும் இல்லன்னு ஒரு போடு போட்டாரு. அப்புறம் அனெட் வைனர்னு ஒரு அம்மா அதே தீவுக்கு போய், ஐயா ஆம்பளைங்க படகேறி போறதயே பாத்துட்டு இருந்தீங்களே, சாவு வீட்டுல பொம்பளைங்க வாழை இலைக் கட்டு கட்டா அள்ளிக் கொடுக்கிறாங்களே அது கண்ணுல படலையான்னு 1976ல கேட்டாங்க. இந்த மூணு பேரையும் ஒரே திண்ணையில உக்கார வச்சு சண்டை மூட்டி விடணும், அதான் கட்டுரை. 1922ல வந்த புக்கோட இன்டெக்ஸ்ல 1976ல வந்த சண்டை எப்படிங்க இருக்கும்?

சாஃப்ட் காப்பி இருக்கு, தேடுனா வந்துரும்னு அண்ணன் சொன்னாரு. என்ன வார்த்தை போட்டு தேடுவீங்க? 'பகுத்தறிவு எல்லாப் பண்பாட்டுக்கும் ஒன்றுதானா'ன்னு கேள்வி வந்தா அதுக்கு விடை ஒரு கரையான் அரிச்ச தானியக் குதிர்ல இருக்கு! இவான்ஸ் பிரிட்சார்ட்னு ஒரு மானிடவியல் அறிஞர் ஆப்பிரிக்காவுல இருக்கிற அசாண்டே மக்கள பத்தி 1937ல எழுதினது. குதிர் கரையான் அரிச்சுதான் விழுந்துச்சுன்னு அவங்களுக்கும் நல்லா தெரியும், ஆனா இந்த ஆளுங்க நிழலுக்கு ஒதுங்கி உக்காந்திருந்த அந்த நேரத்துல ஏன் விழணும்னு கேட்டாதான் சூனியம் உள்ள வருது. பகுத்தறிவுன்னு தேடுற ஆளுக்கு கரையான் மாட்டுமா? முன்னாடியே படிச்சு ரசிச்சிருந்தா கேள்விய பாத்ததும் குதிர் தானா மண்டையில வந்து விழும்.

எங்க பெரியப்பாகிட்ட ஒரு மொய் நோட்டு இருக்கு, புதுக்கோட்டை பக்கம்ங்கிறதால அது எங்க வீட்டுல ரேஷன் கார்டுக்கு சமம். கல்யாணத்துக்கு கிளம்பும்போது அத பொரட்டுவாரு. ஆனா அதுல இருக்கிறது பேரும் ரூபாயும் மட்டும்தான், யாரு எந்த வழியில மாமன் முறை, யாருக்கு போன தடவை குறைச்சு வச்சு இன்னும் கோவம் தீரல, யாருக்கு கூட வச்சா நம்மள கேலி பண்றான்னு நினைப்பாங்க, இதெல்லாம் அவரு தலைக்குள்ள இருக்கு, நோட்டு சும்மா தொகைய சரிபாக்க. என்கிட்ட அந்த நோட்ட கொடுத்து அனுப்பினா ஊர்ல பாதி சொந்தம் அன்னிக்கே அறுந்துரும்!

அதனால இந்த தடவை நான் வேற மாதிரி இறங்கியிருக்கேன். ஒரு ஆளுக்கு ஒரு தாள், அவரு யார பாத்தாரு, என்ன வாதம், மறக்கவே முடியாத ஒரே ஒரு காட்சி, அவர மடக்கினது யாரு, அதுக்குக் கீழ பக்க நம்பர், அவ்ளோதான். அப்புறம் தெனம் ஒரு பழைய கேள்விய எடுத்து அலாரம் வச்சு அம்பது நிமிஷம் புக்க மூடி வச்சு எழுதுறேன், மேற்கோள் வேணும்னா கடைசியில தொறந்து எடுத்துக்கிறேன். மேற்கோளுக்கு புக்கு வேணும்ங்கிறத நான் மறுக்கல, அத எதிரணிக்கு மொய்யா வச்சுக்குங்க. ஸ்டிக்கர் ஒட்டுறதும் நல்லதுதான், ஆனா என் ரூம்மேட் ஒட்டி வச்சிருக்கிறத பாத்தா எது புக்கு எது தோரணம்னே தெரியல.

இன்னும் ஒண்ணு. நம்ம ஊரு மானிடவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ், மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல 1948ல போய் தங்கி ஆராய்ச்சி பண்ணவரு, 1970ல ஸ்டான்ஃபோர்ட்ல இருந்தப்ப தீ வச்சதுல, அவரு வகைப்படுத்தி வச்சிருந்த குறிப்பு மூணு காப்பியும் எரிஞ்சு போச்சு. ஆனாலும் அந்த கிராமத்த நினைவுல இருந்தே எழுதினாரு, 1976ல புக்கா வந்துச்சு. அது வருஷக்கணக்கா ஊறின ஊறல், ரெண்டு வாரத்துல நமக்கு வராது, ஒத்துக்கிறேன். ஆனா அண்ணே, அவருக்கு புக்கு மூடல, எரிஞ்சே போச்சு, உங்களுக்கு தொறந்தே இருந்தும் ஒரு வரி கிடைக்கலையே!

மணி அடிக்க கை போகுது, தெரியுது அம்மா. ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணன் அந்த கட்ட இன்னும் மடியிலதான் வச்சிருக்காரு. குலாவுக்கும் மொய்க்கும் என்ன வித்தியாசம்னு அவர்கிட்ட இப்பவே கேளுங்க. புக்க பாத்தே சொல்லட்டும், அம்பது நிமிஷம் கூட கொடுக்கலாம், நாங்க வெயிட் பண்றோம்.