கிரிகல்பொத்தைக்கு எந்த நாள் போவது?

வணக்கம் நேயர்களே. மலை ஏறுவதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன், ஹோர்ட்டன் சமவெளி என்றாலே நம் ஆட்களுக்கு அதுதான். நான் பேசப்போவது அதே நுழைவாயிலில் உள்ளே போய், எல்லோரும் போகிற பக்கம் போகாமல் வேறு பக்கம் பிரிகிற ஒரு பாதையைப் பற்றி. கிரிகல்பொத்தை. இலங்கையின் இரண்டாவது உயரமான மலை, 2,390 மீற்றருக்குக் கிட்ட. முதலாவதான பிதுருதலாகலையில் ஒளிபரப்புக் கோபுரமும் காவலும் இருப்பதால் அங்கே நம் இஷ்டத்துக்கு நடந்து ஏற முடியாது. ஆக, காலால் நடந்து நிற்கக்கூடிய உயரமான இடம் என்றால் இதுதான். ஆனாலும் ஆள் வருவதில்லை. போன தடவை போய்த் திரும்பும் வரை நாங்கள் கண்டது நான்கு பேர், மரை மான்களைக் கணக்கில் சேர்க்காமல்.

பாதை கடினமில்லை. ஒரு பக்கம் ஏறத்தாழ 7 கிலோமீற்றர், போய்வர ஐந்து மணி நேரமாவது ஆகும், ஆறு என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. சமவெளியே 2,100 மீற்றருக்கு மேலே இருப்பதால் ஏற்றம் என்று பெரிதாக இல்லை, ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும், இடையில் சதுப்பு, குட்டை மூங்கில், கடைசியில் கொஞ்சம் பாறை. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒன்றுமேயில்லை. கஷ்டப்படுத்துவது வானம்தான், அதனால் நான் இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

முதல் தடவை நாங்கள் போனது சித்திரைப் புத்தாண்டு லீவில். நான், மச்சான், மச்சானின் நண்பர் இருவர். வான் வண்டி பிந்தியது, வழியில் பிளேன்டீ குடித்தோம், டிக்கட் வாங்கி நடக்கத் தொடங்கும்போது பத்து மணி. நல்ல வெயில், மச்சான் மழைக்கோட்டை வானிலேயே விட்டுவிட்டார். ஒரு மணிக்கு உச்சி. எதிரே சிவனொளிபாதமலை தெரியும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன், எதிரே தெரிந்தது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு வெள்ளை. இறங்கும்போது இரண்டரை மணிக்கு இடி தொடங்கியது. சுற்றிலும் முழங்கால் உயரப் புல், அதில் உயரமாக நிற்பது நாங்கள் நாலு பேர்தான். மூட்டத்தில் பாதை என்று நினைத்து மரை நடந்து நடந்து தேய்ந்த தடத்தில் போய், சதுப்பில் கால் புதைந்து, திரும்பி வந்து, ஐந்தரைக்கு வாசலுக்கு வந்தபோது மச்சானுக்குக் கைவிரல் மடங்கவில்லை. கொழும்பில் 30 பாகை என்றால் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஆறு, ஆறரை பாகை குறைத்துக்கொள்ளுங்கள், அந்த உச்சியில் 15க்குக் கிட்டத்தான் வரும், அதில் நனைந்து காற்றும் அடித்தால் ஏப்ரலிலும் நடுங்கும். இதில் வெட்கம் என்னவென்றால், மத்திய, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என்று முதல் நாள் இரவே வானொலியில் வாசித்தார்கள். நாங்கள் கேட்டோம். கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த ஒரு வரியை இப்போது நான் வேறு மாதிரிக் கேட்கிறேன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே காற்று ஓய்ந்திருக்கும் காலத்தில், காலை வெயிலில் நிலம் சூடாகி அந்தச் சூட்டில் மேலெழும் ஈரக்காற்றுத்தான் பிற்பகலில் இடிமேகமாகிறது. வெயில் நன்றாக எரிகிறது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த வெயில்தான் மழையைச் சமைக்கிறது. அந்த மாதங்களில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், பதினொன்றரைக்குள் திறந்த புல்வெளியை விட்டு வெளியே வந்துவிட முடியுமானால் போகலாம். மின்னலைக் கண்டு இடி கேட்க முப்பது விநாடிக்குள் என்றால் அது பத்து கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, அதற்குப் பிறகு படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், தனியாக நிற்கிற மரத்தடிக்கும் ஓடாதீர்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், நம் ஆட்கள் சொல்லும் கச்சான். இதில்தான் பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏமாறுவார்கள். ஜூன் மாதம் அப்புத்தளையில் வானம் நீலமாக இருக்கும், ஒஹியாவில் வெயில் அடிக்கும், ஆகா நல்ல நாள் என்று கிளம்புவார்கள். பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் இடையே ஒரு ரயில் சுரங்கம் இருக்கிறது தெரியுமல்லவா, ஒரு பக்கம் வெயிலில் நுழைந்து மறு பக்கம் மூட்டத்தில் வெளியே வருகிற அனுபவம் மலைநாட்டு ரயிலில் போன எல்லோருக்கும் இருக்கும். காற்று மேற்கிலிருந்து ஏறி வரும்போதே மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. கிரிகல்பொத்தை நிற்பது சமவெளியின் மேற்கு ஓரத்தில், அதாவது நனைகிற பக்கத்தில். அறிக்கையில் 'மத்திய மலைகளின் மேற்குச் சரிவுகளில் பலத்த காற்று' என்று வந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

டிசம்பரும் சந்தேகந்தான், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் நான்கைந்து நாள் எதுவும் தெரியாது. மழை விட்டாலும் இரண்டு நாளாவது விடுங்கள், சதுப்பு வடிய வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் மலையை விடுங்கள், வான் போகும் ரோட்டே பயம்.

சரி, எப்போதுதான் போவது? ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி முடியும் வரை. அதிலும் ஒரு குறி இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் 'நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலை வேளையில் துகள் உறைபனி' என்று ஒரு வரி வரும். தோட்டத்தில் அதைக் கேட்டால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும், கொழுந்து கருகும், உருளைக்கிழங்குச் செடி கருகும். எனக்கு மட்டும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷம் வரும். இரவு வானத்தில் மேகம் இல்லாமல், காற்றும் இல்லாமல் இருந்தால்தான் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்ப் புல்லில் உறைபனி பிடிக்கும். அப்படியான இரவுக்கு அடுத்த காலை பெரும்பாலும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஃபோனில் வரும் வானிலைப் படத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை, அது நுவரெலியா டவுனுக்குச் சொல்வது, நாம் போவது அதற்கு 500 மீற்றர் மேலே.

அந்தக் கண்ணாடியும் ஒன்பது, பத்து மணி வரைதான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று சரிவு வழியே மேலே வரும், வரும்போதே குளிர்ந்து மூட்டமாகிவிடும். அதனால் நான் நாளைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். ஒன்பதரைக்கு உச்சியில் இருக்க வேண்டும், அப்படியென்றால் ஆறரைக்கு நடக்க வேண்டும், ஆறு மணிக்கு வாசல், நுவரெலியாவில் நாலரைக்கு வான். கொழும்பிலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்து தங்கத்தான் வேண்டும். பத்தரை ஆகியும் உச்சி வரவில்லை என்றால், எவ்வளவு கிட்டே இருந்தாலும் திரும்புவோம், இதை வானில் ஏறும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், மேலே போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். அந்தப் பாதை அன்று திறந்திருக்கிறதா என்று டிக்கட் கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், ரொட்டியும் சம்பலும் டப்பாவில் போகட்டும். குடை வேண்டாம், மழைக்கோட்டு. மாற்றுச் சட்டை ஒன்று, வானில் இல்லை, முதுகுப் பையில்.

ஆறு தடவை போயிருக்கிறேன், சிவனொளிபாதமலையைப் பார்த்தது இரண்டு தடவை. வருகிற தை மாதம் மறுபடியும் போகிறோம். ஒரு நாளைக் குறிக்காமல் மூன்று நாள் ஒதுக்கிவைப்போம், எந்த நாள் என்பதை முதல் நாள் இரவு வாசலில் நின்று நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் வேலை செய்யும் இடத்தில் லீவுக் கடிதத்தில் திகதி போட வேண்டுமாம், நட்சத்திரம் என்று எழுத முடியாதாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வணக்கம்.