சர்வர் தூக்கிய கோப்பைகள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நாகேஷைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டதும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் என் அப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு காபி ஓட்டலில் சர்வராக இருந்தவர்.

‘சர்வர் சுந்தரம்’ 1964-இல் வந்த படம். நான் பார்த்தது ரொம்பப் பின்னால், டூரிங் டாக்கீஸில், அப்பாவோடு. நாகேஷ் கோப்பைகளைக் கோபுரம் மாதிரி அடுக்கித் தூக்கிக்கொண்டு வருவாரே, அந்தக் காட்சியில் கொட்டகையே கைதட்டியது. அப்பா கைதட்டவில்லை. என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “பாரம் ஒண்ணும் பெரிசில்லடா. எவனாவது நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டா என்ன பண்றதுங்கிற பயந்தான் பெரிசு. அந்த ஆள் மூஞ்சில அது இருக்கு பாரு.”

அந்தப் பயத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நாகேஷ் தாராபுரத்துக்காரர். 1933 செப்டம்பர் 27-இல் பிறந்தார். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். அம்மை போட்டதில் முகமெல்லாம் தழும்பு. உடம்பில் சதை என்று சொல்ல எதுவும் இல்லை. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேஷம். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அவரைப் பாராட்டிப் பேசினார். 1959-இல் ‘தாமரைக்குளம்’ படத்தில் சினிமாவுக்குள் வந்தார். அப்புறம் பாலசந்தர். அவர் நாகேஷை மனதில் வைத்து எழுதிய நாடகம்தான் ‘சர்வர் சுந்தரம்’. பிறகு அது படமானது. தான் முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’யிலும் பாலசந்தர் நாகேஷைத்தான் நாயகனாகப் போட்டார்.

இனி தருமிக்கு வருவோம். ‘திருவிளையாடல்’, 1965. கோயிலில் தனியாக நின்று ஆயிரம் பொற்காசுக்காகப் புலம்புகிற அந்த ஏழைப் புலவனை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அரசவைக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். பரிசு கைக்கு வரும் நேரத்தில் நக்கீரர் குறுக்கே வருகிறார். அந்த வேஷத்தில் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே நடித்திருக்கிறார். பாட்டில் பிழை இருக்கிறது என்கிறார் நக்கீரர். உடனே தருமி பேரம் பேசுகிறான், பிழை எவ்வளவோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அப்பாவுக்குச் சிரிப்பு வராது. அவருடைய ஓட்டலில் கோப்பை உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுப்பார்கள். தருமி கேட்டது அவருக்குத் தெரிந்த கணக்கு. ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் கல்லா முன்னால் நின்று அவர் கேட்ட கணக்கு.

பெரிய இடத்தின் முன்னால் நிற்கும் சின்ன மனிதனின் பதற்றத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய வேறொரு நடிகர் தமிழில் இல்லை என்பது என் எண்ணம். ‘எதிர்நீச்ச’லில் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் மாதுவை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஓடி ஓடி வேலை செய்துதான் அவன் வயிற்றைக் கழுவ வேண்டும். படிப்பும் அதற்கு நடுவிலேதான். அந்த ஓட்டத்தைத்தான் நாம் வேகம், டைமிங் என்றெல்லாம் புகழ்கிறோம். ‘காதலிக்க நேரமில்லை’யில் அப்பாவாக வரும் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடமும் அப்படித்தான். படம் எடுக்க அப்பாவிடம் பணம் பெயர வேண்டும். அதற்காகத்தான் வாயாலேயே அத்தனை சத்தமும் போட்டு அவரைக் கதிகலங்க வைக்கிறான் மகன்.

‘தில்லானா மோகனாம்பா’ளில் அவர் நடித்த வைத்தியைப் பற்றியும், ‘அபூர்வ சகோதரர்க’ளில் அவர் காட்டிய வில்லத்தனத்தைப் பற்றியும் தனியாகவே ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம். ‘மகளிர் மட்டும்’ பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் அவர் பிணம். வசனம் இல்லை, கண் அசைவு இல்லை. ஆயுள் முழுக்கத் துள்ளிய உடம்பைத் துணிமூட்டை மாதிரி அடுத்தவர் இழுத்த இழுப்புக்கு விட்டுவிட்டு நம்மைச் சிரிக்க வைத்தார்.

அதே 1994-இல் ‘நம்மவர்’ வந்தது. மகளைப் பறிகொடுத்த பேராசிரியர் வேஷம். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முகம். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது, சினிமாவுக்கு வந்து 35 வருஷம் கழித்து. 2009 ஜனவரி 31-இல் காலமானார். பத்ம விருது ஒன்றுகூட அவருக்குக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

தேசிய விருதுச் செய்தி பேப்பரில் வந்த அன்று அப்பா இன்னும் வேலையில்தான் இருந்தார். கல்லாவில் கிடந்த பேப்பரைக் கேட்டு வாங்கி, நாகேஷ் படத்தைக் கத்தரித்தார். சர்வர்கள் சட்டை மாற்றும் அறையில் ஒரு முருகன் காலண்டர் தொங்கும். அதற்குப் பக்கத்தில் மைதாப் பசை தடவி ஒட்டினார். ஓட்டலுக்கு வெள்ளையடிக்கும் வரை அது அங்கேயே இருந்தது.