கிராண்ட் நேஷனலை வாழவைப்பது வரலாறே

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லிவர்பூலை அடுத்த எயின்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்னும் தடைதாண்டும் குதிரைப் பந்தயம் இத்தனை தலைமுறைகளாக மக்களை ஈர்ப்பது அதன் வரலாற்றாலா, அதன்மேல் கட்டப்படும் பணத்தாலா என்பது இன்றைய தலைப்பு. வரலாற்றால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வலுவான வாதத்தை வைத்தார். திறமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் சுமையும் மற்றவற்றுக்குக் குறைந்த சுமையும் ஏற்றி எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறார்கள், அதனால் எந்தக் குதிரையும் வெல்லலாம், ஒரு பவுண்டு கட்டியவருக்கு நூறு பவுண்டு கிடைக்கலாம், இந்த ஆசைதான் கூட்டத்தைக் கூட்டுகிறது என்றார். ஐயா, சுமை ஏற்றி ஓடவிடும் பந்தயங்கள் பிரிட்டனில் வாரம் தவறாமல் நடக்கின்றன. அங்கேயும் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் இருக்கிறார்கள், அங்கேயும் ஒன்றுக்குப் பல மடங்கு கிடைக்கும். ஆண்டு முழுவதும் பந்தயக் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவர் ஏப்ரல் மாதத்தின் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் ஒரு குதிரையின் பெயரைச் சொல்லிப் பணம் கட்டுகிறாரே, அது ஏன் என்று எதிரணித் தலைவர் சொல்லவில்லை. ஒன்றுக்கு நூறு என்ற ஆசையைத்தான் பார்ப்போம் என்றால், 1839ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அந்த விலையில், அதாவது கட்டிய பணத்துக்கு நூறு மடங்கு கிடைக்கும்படி, வென்ற குதிரைகள் ஐந்தே ஐந்து. ஆசை மட்டுமே ஆதாரமாக இருந்திருந்தால், அந்த ஆசை எப்போதோ அலுத்துப் போயிருக்கும்.

அந்த ஐந்தில் ஒன்று ஃபோய்னவன். 1967இல் 44 குதிரைகள் புறப்பட்டன. இருபத்து மூன்றாவது தடை மைதானத்தின் மிகச் சிறிய தடைகளில் ஒன்று. அதற்கு முந்தைய தடையான பெச்சர்ஸ் புரூக்கைத் தாண்டி வந்த குதிரைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முதல் தடையிலேயே தன்மேல் சவாரி செய்த ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்த பாபம் டவுன் என்ற குதிரை அந்த இடத்தில் தாண்டாமல் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதின. சில விழுந்தன, சில மிரண்டு நின்றன, ஜாக்கிகள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சிதறினார்கள். வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபோய்னவனை அதன் ஜாக்கி ஜான் பக்கிங்ஹாம் நிதானமாக ஓரம் கட்டி, ஓர் இடைவெளியைக் கண்டு தாண்டவைத்து, தனியாக முன்னே சென்றார். விழுந்தவர்கள் ஏறி விரட்டியும் பிடிக்க முடியவில்லை. குதிரையின் உரிமையாளரே அன்று மைதானத்துக்கு வரவில்லை. அன்று பணம் கட்டியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இழந்தவர்கள். அப்படியிருந்தும் அந்தத் தடைக்குப் பிற்காலத்தில் ஃபோய்னவனின் பெயரையே சூட்டினார்கள். பணத்தை இழக்கவைத்த குதிரையை மக்கள் இப்படியா கொண்டாடுவார்கள்? தம் கண்முன்னே ஒரு வரலாறு நடந்தது என்று எண்ணியவர்கள்தான் அப்படிக் கொண்டாடுவார்கள்.

ஏறத்தாழ 6.9 கிலோமீட்டர் தூரம், முப்பது தாண்டல்கள். அந்தத் தடைகளுக்கு எண்கள் மட்டுமல்ல, பெயர்களும் உண்டு. 1839ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கேப்டன் பெச்சர் குதிரையிலிருந்து ஓர் ஓடையில் விழுந்தார்; அன்று வென்றது லாட்டரி என்ற குதிரை. வென்ற குதிரையைவிட விழுந்தவரின் பெயரைத்தான் இன்று எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் பெயரால் பெச்சர்ஸ் புரூக் ஆகிவிட்ட அந்த இடத்தை இன்றும் ஒவ்வொரு குதிரையும் இரண்டு முறை தாண்டியாக வேண்டும். தோற்றவருக்கும் நிலையான இடம் கொடுக்கும் பந்தயம் இது. 1956இல் அன்றைய அரசி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக் வெற்றிக் கோட்டை நெருங்கிவிட்ட நேரத்தில் காரணமே புரியாமல் வயிற்றோடு தரையில் சரிந்தது. அன்று வென்ற குதிரையின் பெயரை எதிரணி நண்பர்கள் சொல்லட்டும் பார்ப்போம்.

1973ஆம் ஆண்டுக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியக் குதிரையான கிரிஸ்ப் 76 கிலோ சுமையோடு ஓடியது. எதிர்த்து ஓடிய ரெட் ரம் என்ற குதிரை சுமந்தது அதைவிடப் பத்துக் கிலோ குறைவு. கிரிஸ்ப் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் நின்று, ஒவ்வொரு தடையையும் சிரமமே இல்லாதது போல் தாண்டி, கடைசித் தடையைக் கடந்தபோதும் வெகு தூரம் முந்தியிருந்தது. அங்கிருந்து வெற்றிக் கோட்டுக்கு ஏறத்தாழ 450 மீட்டர். அந்த வெற்றுத் தரையில்தான் கிரிஸ்பின் கால்கள் தளர்ந்தன. நேராக ஓட முடியாமல் அது ஓரமாகச் சாய்ந்தது. சுமை ஏறிய முதுகு கண்ணுக்குத் தெரியும்படி களைத்தது. ரெட் ரம் ஒவ்வொரு அடியிலும் நெருங்கி, முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. பழைய சாதனை நேரத்தை இரண்டு குதிரைகளுமே முறியடித்திருந்தன. இந்த இரண்டின் விலையும் அன்று ஒன்றுக்கு ஒன்பதுதான். கொழுத்த லாபத்துக்கு இடமே இல்லாத ஓட்டம் அது. கிரிஸ்ப் மேல் பணம் கட்டித் தோற்றவர்களும் அதைப் பற்றி நெஞ்சு விம்மப் பேசினார்கள். ரெட் ரம் மறு ஆண்டும் வென்று, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டாவதாக வந்து, 1977இல் மூன்றாம் முறை வென்றது. 1995இல் அது இறந்தபோது எயின்ட்ரீயின் வெற்றிக் கம்பத்தருகே புதைத்தார்கள்.

எதிரணியினர் 2020ஐயும் எடுத்துக்காட்டினார்கள். கொரோனாவால் பந்தயம் நடக்காத அந்த ஆண்டில் கணினி உருவாக்கிய கற்பனை ஓட்டத்தின்மேல்கூட மக்கள் பணம் கட்டினார்களே என்றார்கள். உண்மைதான். ஆனால் கணினிக் குதிரைகளைப் பந்தய நிறுவனங்கள் நாள் முழுவதும் ஓடவிட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றை யார் பார்க்கிறார்கள்? இதை 48 லட்சம் பேர் பார்த்ததற்குக் காரணம் அதற்கு நேஷனல் என்று பெயர் இருந்தது. கட்ட முடிந்ததும் அதிகபட்சம் பத்துப் பவுண்டுதான். கிடைத்த லாபம் 26 லட்சம் பவுண்டும் மருத்துவப் பணியாளர்களுக்கான அறநிதிக்குப் போய்ச் சேர்ந்தது. பேராசைக்காரர்களின் நாளாக எனக்கு அது தெரியவில்லை.

எழுபதுகளில் மைதானம் கைமாறிப் பந்தயமே நின்றுவிடும் நிலை வந்தபோது, அதை ஏற்று நடத்தியது ஒரு பந்தய நிறுவனம் என்பதை மறுக்க மாட்டேன், நன்றியோடு ஏற்கிறேன். அந்த ஒப்பந்தம் முடிந்தபின் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள், கொடுத்தார்கள், 1983இல் மைதானம் குதிரைப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப்பிடம் வந்தது. அந்த நன்கொடைக்கு எந்தப் பந்தய விலையும் கிடையாது, ஜெயித்தாலும் திரும்பி வராது.

குதிரைகள் இந்த மைதானத்தில் உயிரிழந்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு வரலாற்றைப் புகழ எனக்கு மனம் வராது. தடைகளுக்குள் இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு வளையும் பொருளை வைத்தார்கள். 2024இல் ஓடும் குதிரைகளை நாற்பதிலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். குதிரைகள் குறைந்தால் பணம் கட்டும் வாய்ப்பும் குறையும் என்பது தெரிந்தே குறைத்தார்கள். பணமே உயிர் என்றால் இதைச் செய்திருப்பார்களா?

கடைசியாக ஒரு கேள்வி. 1997 ஏப்ரல் 5ஆம் நாள், சனிக்கிழமை, வெடிகுண்டு மிரட்டலால் சுமார் 60,000 பேரை மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள். பலரால் தம் கார்களைக்கூட எடுத்துச் செல்ல முடியவில்லை. ஊர்க்காரர்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தார்கள். திங்கட்கிழமை பந்தயம் நடந்தது. பணம் கட்ட வேண்டுமென்றால் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது. வேலை நாளில், இரண்டு நாளுக்கு முன் மிரட்டல் வந்த அதே இடத்துக்கு, ஏறத்தாழ 20,000 பேர் திரும்பி வந்து நின்றார்களே, அவர்களை அங்கே கொண்டுவந்தது எது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும். வாய்ப்பளித்த நடுவர் ஐயாவுக்கு நன்றி. வணக்கம்.