"சோழர் கட்டியதுதானே?" என்று கேட்டவர்களுக்கு, ஜோக்ஜாவிலிருந்து

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மணி காலை ஏழேகால். என் முதுகுக்குப் பின்னால் கறுப்பாக, கூர்கூராகத் தெரிகிறதே, அதுதான் பிரம்பனான் கோயில். ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரத்துக்குக் கிழக்கே 17 கிலோமீட்டரில் நிற்கிறேன். ஊர்க்காரர்கள் யாரும் யோக்யகர்த்தா என்று முழுதாகச் சொல்லிக் கேட்கவில்லை. ஜோக்ஜாதான். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன், நாக்குக்கும் வசதி.

நேற்று இரவு இந்தக் கோயிலின் படம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பாதிப் பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள்: "சோழர் கட்டிய கோயில், பெருமைப்படுவோம்." இல்லை மக்களே, சோழர் கட்டவில்லை. இங்கே கிடைத்த சிவக்கிருகக் கல்வெட்டின் ஆண்டு 856. விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்ததே கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான். பெரிய கோயில் முடிந்தது 1010இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இது எழுந்து நின்றுவிட்டது. ராஜேந்திரன் 1025இல் கப்பல்படை அனுப்பியதும் ஸ்ரீவிஜயத்தின் மேல்தான். அது சுமத்ரா, மலாய்ப் பக்கம். இதைக் கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள். மத்தரம் அரசு, சஞ்சய வம்சம், ராகாய் பிகாத்தான் என்ற அரசர் காலத்தில் தொடங்கிய வேலை என்கிறார்கள். பெருமை அவர்களுடையது. நாம் கண் குளிரப் பார்ப்போம், அது போதும்.

சரி, உள்ளே போகலாம். நடுவில் சிவன், உயரம் 47 மீட்டர். இரண்டு பக்கமும் பிரம்மா, விஷ்ணு. பிரம்மாவுக்கு இவ்வளவு பெரிய கோயிலை நம் ஊரில் எங்கே பார்ப்பது? எதிரே மூன்று வாகனக் கோயில்கள். சிவனுக்கு எதிரில் இருப்பதில் நந்தி படுத்திருக்கிறது. பக்கத்திலேயே ஏழு குதிரைத் தேரில் சூரியன், பத்துக் குதிரைத் தேரில் சந்திரன். எல்லாம் எரிமலைக் கல், சுண்ணாம்புச் சாந்து கிடையாது. ஒரு கல்லில் குடைந்து இன்னொரு கல்லில் துருத்தி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இந்த இணைப்பில் விரலை வைத்துப் பார்க்கிறேன், நகம்கூட நுழையவில்லை.

படி செங்குத்து. மூச்சு வாங்குகிறது, ஒரு நிமிடம்.

சிவன் கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு அறைகள், நடுவில் பெரிய அறை. கிழக்கு அறை வழியாகப் போனால் நடுவில் சிவன், மேற்கே பிள்ளையார், வடக்கே மகிஷனை மிதித்து நிற்கும் துர்க்கை. தெற்கே யார் தெரியுமா? டார்ச் அடிக்கிறேன், பாருங்கள். தாடி, தொந்தி, பக்கத்தில் சூலம், கையில் கமண்டலம். அகத்தியர்! பொதிகை மலைக்காரர், நமக்குத் தமிழ் இலக்கணம் தந்தவர் என்று கதை கேட்டு வளர்ந்தோமே, அவரேதான். ஆனால் இங்கே அவருக்கும் தமிழுக்கும் சம்பந்தமில்லை. ஜாவாவில் அவர் சிவனின் குரு வடிவம். நான் பாட்டுக்கு "நம்ம ஆளு" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

வடக்கு அறையில் துர்க்கை என்று சொன்னேன் இல்லையா, ஊர்க்காரர்களுக்கு அவள் துர்க்கையே இல்லை. ரோரோ ஜோங்க்ராங், ஒல்லியான இளவரசி. அவளுடைய அப்பாவைக் கொன்ற பண்டுங் பொண்டோவோசோ அவளையே கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிற்கிறான். "ஒரே இரவில் 1,000 கோயில் கட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறாள். அவன் பூதங்களை வைத்து 999 கட்டிவிடுகிறான். இவள் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்த வைக்கிறாள், கிழக்கே வைக்கோலைக் கொளுத்த வைக்கிறாள். உலக்கைச் சத்தம், வானத்தில் சிவப்பு. சேவல் ஏமாந்து கூவ, விடிந்துவிட்டது என்று பூதங்கள் ஓடிவிட்டன. கோபத்தில் அவளையே கல்லாக்கி ஆயிரமாவதாக நிறுத்திவிட்டானாம். எட்டுக் கையோடு எருமை மேல் நிற்கும் சிலைக்கு இப்படி ஒரு கதை! கோயிலுக்கு உள்ளூர்ப் பெயரே ரோரோ ஜோங்க்ராங் கோயில்தான்.

இந்தச் சுற்றுச் சுவரில்தான் ராமாயணம் ஓடுகிறது. கிழக்கு வாசலில் ஆரம்பித்து, வலமாகச் சுற்ற வேண்டும். மிச்சக் கதை பிரம்மா கோயிலில் தொடரும். கதை தெரியும் என்ற தைரியத்தில் வேகமாக நடந்தேன், இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இது ஜடாயு. வாயில் என்ன? மோதிரம். சீதை தன் மோதிரத்தை ஜடாயுவிடம் கொடுத்தனுப்ப, அது ராமனிடம் கொடுக்கிறது. கம்பனில் இப்படி இல்லையே! இன்னொன்று சேது கட்டும் காட்சி. குரங்குகள் கல்லைப் போடப் போட, கீழே மீன்கள் கல்லை வாயில் கவ்வியிருக்கின்றன. நான் இந்த மீன்கள் முன்னால் கால் மணி நேரம் நின்றிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். ஒன்று திருட்டு முழி முழிக்கிறது.

கீழே இறங்கிவிட்டேன். சுற்றிலும் கற்குவியல் தெரிகிறதா? மொத்தம் 240 கோயில்கள் இருந்த வளாகம் இது. சுற்றியுள்ள 224 சிறு கோயில்களில் எழுப்பி நிறுத்தியவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் இப்படிக் கிடக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அரசு கிழக்கு ஜாவாவுக்குப் போய்விட்டது, கோயிலைப் பார்க்க ஆளில்லை, நிலநடுக்கம் வேறு. ஊர்க்காரர்கள் கல்லை எடுத்து வீட்டுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் 1811இல் ஜாவாவைப் பிடித்தபோது கூட வந்த அளவையாளர் ஒருவர் இந்த இடிபாடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். காலின் மெக்கன்சி. சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் மெக்கன்சி சுவடிகள் என்று இருக்கிறதே, அதே மெக்கன்சி! நம் ஊர் ஊராகப் போய்ச் சுவடி சேர்த்த மனிதர் இங்கேயும் வந்திருக்கிறார்.

அசல் கற்களில் முக்கால் பங்காவது கிடைத்தால்தான் ஒரு கோயிலை மறுபடி எழுப்புவது என்று விதி வைத்திருக்கிறார்கள். சிவன் கோயில் எழுந்து முடிய 1953 ஆனது. 2006 மே 27 விடியற்காலை நிலநடுக்கம் வந்து மறுபடி கற்கள் விழுந்தன. அன்று இந்தப் பகுதியில் 5,700 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கோயிலைப் பற்றிப் பேசும்போது அதையும் சொல்லாமல் போக மனது வரவில்லை.

இதே வளாகத்தில் வடக்கே நடந்தால் சேவு. பௌத்தக் கோயில், பிரம்பனானுக்கும் மூத்தது. சேவு என்றால் ஆயிரம், இருப்பது 249. கூட்டமே இல்லை, நிழலும் இல்லை. தொப்பி கொண்டுபோங்கள்.

இப்போது நகரத்துக்கு வந்துவிட்டேன். மாலியோபோரோ தெரு, நம் பாண்டி பஜார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று இங்கே ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காவது உதவும். அரண்மனைக்கு நடந்துகொண்டிருந்தேன். நல்ல சட்டை போட்ட ஒருவர், தேன் மாதிரிப் பேச்சு. "அரண்மனை இன்று சீக்கிரம் மூடிவிட்டார்கள். ஆனால் மாணவர்களின் பாத்திக் ஓவியக் கண்காட்சி இருக்கிறது, இன்றுதான் கடைசி நாள்" என்றார். போனேன். டீ கொடுத்தார்கள். 6,00,000 ரூபியாவுக்கு ஒரு துணியோடு வெளியே வந்தேன், நம் பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம். அரண்மனை திறந்துதான் இருந்தது! அந்தக் கண்காட்சிக்கு எல்லா நாளும் கடைசி நாள்தான் போல.

சாயங்காலம் பெரிங்ஹார்ஜோ சந்தையில் ஒரு அக்கா துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கையால் செய்த பாத்திக் என்றால், உருக்கிய மெழுகைச் சாந்திங் என்ற சின்னச் செம்புக் கூர்மூக்குப் பேனாவால் கோடு கோடாக இழுத்து, அப்புறம் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். சாயம் துணியின் இரண்டு பக்கமும் ஏறும். என்னுடையதைத் திருப்பினால் வெளிறிக் கிடக்கிறது. அச்சடித்தது. இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். இது முன்பக்கம், இது பின்பக்கம். மூவாயிரம் ரூபாய்ப் பாடம்.

அரண்மனைக்குக் கிராத்தோன் என்று பெயர். 1755இல் ஒப்பந்தம் போட்டு மத்தரம் அரசை (கோயில் கட்டிய பழைய மத்தரம் இல்லை, அதே பெயரில் பின்னால் வந்த சுல்தான்களின் அரசு) இரண்டாகப் பிரித்தார்கள், அப்போது பிறந்த ஊர் ஜோக்ஜா. சுல்தான் இன்றும் இருக்கிறார், அவர்தான் இந்த மாகாணத்துக்கு ஆளுநரும். தேர்தல் கிடையாது. முந்தைய சுல்தான் டச்சுக்காரர்களோடு போர் நடந்த நேரத்தில் புதிய குடியரசின் பக்கம் நின்றார். 1946 முதல் 1949 வரை இந்தோனேசியாவின் தலைநகரமே இதுதான். அந்த மரியாதை இன்றும் நிற்கிறது. சுல்தானின் பட்டம் ஹமெங்கு புவோனோ. புவோனோ வேறொன்றுமில்லை, புவனம். ஜாவாக்காரர்கள் பல இடங்களில் 'அ'வை 'ஒ' ஆக்கிவிடுவார்கள். உள்ளே அரண்மனைப் பணியாளர்கள் வெறுங்காலோடு, முதுகுப்பக்க இடுப்பில் கிரிஸ் கத்தி செருகி உட்கார்ந்திருந்தார்கள். கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவின் வாசிப்பு நடந்தது. அந்த வெண்கல ஓசையை மைக்கில் பிடிக்கவே முடியவில்லை.

சாப்பாடு. ஜோக்ஜா என்றால் குடெக். பலாமூசைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றி, தேக்கு இலை போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். தேக்கு இலையால்தான் அந்தச் செம்பழுப்பு. எனக்கு முதல் வாய் பிடிக்கவில்லை, குழம்பு இவ்வளவு இனிக்கலாமா? நான்காவது வாயில் பழகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: தட்டில் சிவப்பாக, காரமாக, மெத்தென்று ஒன்று வைப்பார்கள். கிரெசெக். அது மாட்டுத்தோல். சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போரோபுதூர், அந்தப் பெரிய பௌத்தக் கோயில், எங்கே என்று கேட்பீர்கள். அது நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர், முந்தாநாள் போய்வந்தேன், தனியாகப் போடுகிறேன். 504 புத்தர்கள், உச்சியில் கூடை கவிழ்த்த மாதிரி 72 தூபிகள். மேலே ஏற இப்போது ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, முன்பதிவு கட்டாயம். பாய் முடைந்த மாதிரி ஒரு செருப்பும் தருவார்கள், கல் தேயாமல் இருக்க. எனக்கு அங்கே பிடித்தது ஒரு கப்பல் சிற்பம். கப்பலுக்கு இந்தோனேசிய மொழியில் 'கபல்'. நம்மிடமிருந்து போன சொல்தான். ஆனால் வழிகாட்டி அவசரப்படுத்தியதில் அதன் முன்னால் இரண்டு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

இப்போது இரவு பத்து. தூகு ரயில் நிலையத்துக்கு வடக்கே, ரோட்டோரத்தில் பாய் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இது அங்கிரிங்கான், தள்ளுவண்டிக் கடை. கையிலிருப்பது பூனைச் சோறு. பூனைக்கு வைக்கும் அளவுதான் இருக்கும், கொஞ்சம் சம்பலும் நெத்திலியும் வைத்து இலையில் மடித்தது. நான் மூன்று பூனைச் சோறு சாப்பிட்டேன். இது கோப்பி ஜோஸ். காப்பிக்குள் கனகனவென்று எரிகிற கரித்துண்டைப் போடுகிறார்கள். கேளுங்கள்... 'ஜோஸ்ஸ்'. பெயர்க் காரணம் அதுதான். ருசி? சாதாரண காப்பி, லேசாகப் புகை.

பக்கத்துப் பாயில் ஒரு கல்லூரி மாணவர். தெருப் பலகைகளில் இருக்கும் ஜாவா எழுத்தை இங்கே பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவரிடம் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். சோறு மடித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினார். யோக்யகர்த்தாவின் 'யோ'வுக்கு முதலில் ஒரு குறி போட்டார், நடுவில் ய, அப்புறம் வலப்பக்கம் இன்னொரு குறி. நான் அப்படியே நின்றுவிட்டேன். கொம்பு, ய, கால்! நம் 'யோ'வும் அதேதானே? அவர்கள் தாலிங், தாருங் என்கிறார்கள். மாகெலாங் பக்கம் கிடைத்த 732ஆம் ஆண்டுக் கல்வெட்டு பல்லவர் எழுத்தில், சமஸ்கிருத மொழியில் இருக்கிறது. அந்த எழுத்து இங்கே மாறி மாறித்தான் ஜாவா எழுத்தானது. பல்லவர் படையெடுத்து வந்தார்கள் என்று உடனே எழுத ஆரம்பித்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

அவர் எழுதியதற்குக் கீழே நான் தமிழில் 'யோ' எழுதிக் காட்டினேன். இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "சமா!" என்றார். ஒன்றேதான் என்று அர்த்தம். அப்புறம் அவர் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். அதில் ஒரு 'ஃப' வந்தது. எங்களிடம் அந்த எழுத்து கிடையாது, மூன்று புள்ளி வைத்துப் பக்கத்தில் ப போடுவோம் என்றேன். அவர் பேனாவை வாங்கினார். ஜாவா எழுத்தில் ப போட்டு, அதன் தலைக்கு மேல் புள்ளி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.