சில்லம்ப்ரம் எங்கே இருக்கிறது?

மொரீசியஸ் நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர்ப் பெண். ரெதுயீயில் உள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருக்கிறேன். வந்த மூன்றாவது வாரக் கடைசியில் வகுப்புத் தோழிகள் இருவர் என்னை ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நான் பார்த்த இடங்கள் எல்லாம் நீங்கள் பிறந்து வளர்ந்த இடங்கள்தான். ஆனாலும் எனக்கு அங்கே கிடைத்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

தோழிகளில் ஒருத்தி ரோஸ் ஹில்லில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். இன்னொருத்தி கிரியோல், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவள். முதல் வாரத்தில், தமிழ்ப் பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் ரோஸ் ஹில் தோழியிடம் நான் தமிழில் பேச ஆரம்பித்தேன். அவளுக்குப் புரியவில்லை. பள்ளியில் அவள் தமிழ் எடுத்துப் படிக்கவில்லை. "பெயர் மட்டும் தமிழா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவள் முகம் சட்டென்று வாடிப்போனது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை மெட்ரோ ஏறிப் போர்ட் லூயிஸ் போனோம். முதலில் ஆப்பிரவாசி காட். துறைமுகத்தை ஒட்டி 16 கருங்கல் படிகள். 1834-லிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் வந்து இறங்கினார்கள் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படிகளுக்கு முன்னால் நிற்கும்போது 5 லட்சம் என்ற கணக்கெல்லாம் மனதில் நிற்கவில்லை. யாரோ ஒருத்தர், கப்பலில் வாரக்கணக்கில் கிடந்த காலோடு, முதல் படியில் ஏறியிருப்பார். அந்த ஒருத்தரைத்தான் நினைக்க முடிந்தது.

ரோஸ் ஹில் தோழி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் காலத்துக் குடியேற்றப் பதிவேடுகளைக் காத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? அவளுடைய மாமா அங்கே போய் வாங்கி வந்த தாளின் படம் அது. பாட்டியின் தாத்தாவுக்குக் கொடுத்த எண், கப்பலின் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர். ஊர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் 'சில்லம்ப்ரம்' என்று எழுதியிருந்தது. "இது எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிதம்பரம்! வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். கடலூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் காலையில் போய் நடராஜரைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதைச் சொன்னதும் அவள் படியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள். அவள் நோட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் மார்க்கெட். கீரைக்காரரிடம் "பிரெட் முரூம்" என்று கேட்டு அவள் ஒரு கட்டு வாங்கினாள். பார்த்தால் நம் முருங்கைக்கீரை. பக்கத்தில் இருந்த "கறிப்புலே" நம் கறிவேப்பிலை. காசு கொடுக்க 100 ரூபாய் நோட்டை எடுத்தாள். அதில் இந்த நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறது, தமிழில் 'நூறு ரூபாய்' என்றும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற அந்த எழுத்தை அன்றைக்குத்தான் அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டாள். தமிழ் இவளிடம் இல்லை என்று நான் எப்படி நினைத்தேன்? சமையலறையிலும் பெயரிலும் அவள் குடும்பம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது என்னைப் போல் வந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஞாயிற்றுக்கிழமை தெற்கே போனோம். ஷமரேலின் ஏழு வண்ண மண் அழகுதான், படங்களில் பார்த்த மாதிரியே இருக்கிறது. என் மனம் லெ மோர்ன் மலையடிவாரத்தில்தான் நின்றது. கிரியோல் தோழி அங்கே வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தப்பி ஓடி ஒளிந்த மலை. 1835-ல் விடுதலையைச் சொல்லப் படைவீரர்கள் மேலே போனபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து சிலர் குதித்துவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். "உங்கள் ஆட்களுக்கு எண்ணும் ஊரும் எழுதிய தாள் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எந்த ஊர் என்று நான் எங்கே போய்த் தேடுவேன்?" என்றாள். எங்கள் இருவருக்கும் பதில் இல்லை. தமிழ்த் தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் வரை அப்படியேதான் நடந்தோம்.

சாயங்காலம் ரோஸ் ஹில் வீட்டில் சாப்பாடு. சோறு, "ரசோன்" என்று இங்கே சொல்லும் ரசம், வாங்கி வந்த முருங்கைக்கீரை. தோழி நோட்டை எடுத்துப் பாட்டியிடம் காட்டி, "சிதம்பரம்" என்றாள். பாட்டி அதை மெதுவாக இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அங்கே குளம் இருக்கிறதா, நெல் விளைகிறதா, கோயில் பெரியதா என்று கிரியோல் மொழியில் கேட்டுக்கொண்டே இருந்தார். தோழி மொழிபெயர்த்தாள். பாட்டி கேட்ட எல்லாம் அங்கே இருக்கின்றன என்று சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், ஊர்ப் பெயர் புரியவில்லையென்றால், எங்களைப் போன்ற மாணவர்களிடம் காட்டுங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். டிசம்பர் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகும்போது தோழியும் வருகிறாள். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாட்டிக்கு போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறோம். வணக்கம்.