நுவரெலியா உயரத்தில் டபுள் ஐபிஏ: அதே கசப்பு வருமா?

வணக்கம் உறவுகளே. பின்னால் தெரிவது பிதுருதலாகல. லண்டனில் வீட்டிலேயே பியர் செய்யும் நம்ம ஆட்கள் சிலர் கேட்டிருந்தார்கள்: டபுள் ஐபிஏவை, அதாவது கசப்பும் மதுசாரமும் கூடின பியர் வகையை, நுவரெலியாவில் செய்தால் அதே கசப்பு வருமா? வராது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இங்கிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் செய்ய 1963 முதல் லைசன்ஸ் தேவையில்லை. இலங்கையில் லைசன்ஸ் இல்லாமல் செய்தால் குற்றம். நானும் இங்கிலாந்தில் அண்ணன் வீட்டில்தான் பழகினேன். கசிப்பால் நம்ம தோட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன், இங்கே அடுப்பில் ஏற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். 21 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகளுக்கு இந்த வீடியோ இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பியருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹொப்ஸ் என்ற கொடியின் பூ. அதில் கசப்புக்குக் காரணமான அல்ஃபா அமிலம் சும்மா போட்டால் சரியாகக் கரையாது. கொதிக்கும் மோல்ட் (முளைவிட்ட தானியம்) சாற்றில் கிடந்து உருமாறினால்தான் கசப்பு இறங்கும். இங்கே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அந்த ஆறு பாகை குறைந்ததிலேயே உருமாறும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேலே ஏறாது, ஆவிதான் போகும். ஒன்று, 60 நிமிடக் கொதியை 90 ஆக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் போடும் ஹொப்ஸைக் கூட்ட வேண்டும். நான் நேரத்தைத்தான் கூட்டுவேன். ஹொப்ஸ் அதிகமானால் அது சாற்றைக் குடித்துக்கொள்ளும், பச்சை இலை வாடையும் வரும்.

வாசனைக்குக் கடைசியில் போடும் ஹொப்ஸுக்கு இந்தக் கவலையே இல்லை. சிட்ரா, சிம்கோ மாதிரி ஹொப்ஸ் வகைகள் எல்லாம் புளித்த பிறகு குளிர்ந்த பியரில் ஊறப் போடுவது. அந்த நேரத்தில் காற்று மட்டும் படக்கூடாது. பட்டால் மாம்பழ வாசனை போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும்.

புளிக்க வைப்பதில்தான் நம்ம மலை கைகொடுக்கிறது. சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.075-இல் தொடங்கி 1.012-க்கு இறங்கினால் மதுசாரம் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு சீனியைத் தின்னும் ஈஸ்ட் தானே சூடாகும். கொழும்பு அறையில் விட்டால் சாராய நெடி அடிக்கும். இங்கே 15, 16 பாகை அறையில் வைத்தால், உள்ளே 19, 20-இல் நிற்கும். ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் பியர் ஆலை தொடங்கியபோதும் இந்தக் குளிர் இருந்தது.

அப்புறம், ஹொப்ஸ் கொடி இங்கே வளருமா? வளரும். ஆனால் அது நன்றாகப் பூக்கிற நாடுகளில் கோடைப் பகல் 15 மணி நேரம் வரை நீளும். நமக்கு வருஷம் முழுக்க 12 மணி நேரத்தைச் சுற்றித்தான். விளக்குப் போட்டுப் பகலை நீட்ட வேண்டும். வெலிமடைப் பக்கம் பொலித்தீன் கூடாரத்தில் பூ வளர்க்கிறவர்கள் யாராவது முயன்று பார்த்தால் கமெண்டில் சொல்லுங்கள், கமராவோடு வருகிறேன்.